புழு இல்லாத புழுவெட்டு

புழுவெட்டு என்று இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் யாரோ, அவர் நல்ல கற்பனை உள்ளவர். தலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக முடி உதிர்ந்து, தோல் பளபளவென்று தெரிகிறது. வலி இல்லை, புண் இல்லை. இலையைப் புழு அரித்த மாதிரியே இருக்கிறதல்லவா? ஆகவே புழு! அந்தப் புழுவைக் கொல்லச் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தவர்களில் பலருக்கு முடி முளைக்கவும் செய்தது. ஒரு வட்டம், இரண்டு வட்டத்தோடு நிற்கும் நோய் பல சமயம் தானாகவே சரியாகிவிடும் என்ற உண்மை, வெங்காயத்தின் புகழுக்குள் மறைந்து போயிற்று.

கிரேக்கர்கள் நம்மையும் மிஞ்சினார்கள். சொறி பிடித்த நரியை நினைத்துக்கொண்டு, அவர்கள் பாஷையில் நரிக்குள்ள பெயரிலிருந்தே 'அலோபீஷியா' என்ற சொல்லை உண்டாக்கினார்கள். ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் வைத்திய நூல் எழுதிய செல்ஸஸ், பிடரியில் தொடங்கி இரண்டு காதுகளையும் நோக்கி வளைந்து போகும் வகைக்குப் பாம்பின் பெயரைச் சொன்னார். நரி, பாம்பு, புழு! இத்தனை ஜந்துக்களை வெளியே தேடியவர்களுக்கு, குற்றவாளி வீட்டுக்குள்ளேயே காவல்காரன் வேஷத்தில் நிற்கிறான் என்று தோன்றவில்லை.

நம் ரத்தத்தில் கிருமிகளோடு சண்டை போடுவதற்கென்று வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. சாதாரணமாக அவை முடியின் வேர்ப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஏதோ ஒரு காரணத்தால் வேர் தன்னையறியாமல் அபாயக் கொடியைத் தூக்கிவிட்டால், வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து அதைச் சூழ்ந்து கொள்கின்றன. தேன்கூட்டை ஈக்கள் மொய்த்தாற்போல் இருக்கும் அந்தக் காட்சியை டாக்டர்கள் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வேர் செத்துப் போவதில்லை. முற்றுகையில் அகப்பட்ட கோட்டை போல் பட்டினி கிடக்கிறது. முற்றுகை விலகினால் பத்து வருஷம் கழித்துக்கூட முளைக்கலாம். இந்தச் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நடக்கிறது.

இங்கே ஒரு கிளைக் கதை. இந்த முற்றுகைப் படை கறுப்பு முடியைத்தான் குறி வைக்கிறது. நரைத்த முடியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. பிரெஞ்சு ராணி மரீ அந்துவானெத்தின் கூந்தல் ஒரே இரவில் வெளுத்துவிட்டது என்று கதை சொல்வார்கள் அல்லவா? கூந்தல் வெளுக்கவில்லை, கறுப்பு உதிர்ந்து வெள்ளை மட்டும் மிஞ்சியிருக்கலாம் என்பது சில டாக்டர்களின் ஊகம். ராணியைப் பரிசோதிக்க இனி வழியில்லை. ஆனாலும் சரித்திர நாவல் எழுதுகிறவர்கள் குறித்து வைத்துக் கொள்ளலாம்.

மருந்துக்கு வருவோம். 1949-ம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்ச்சும் கெண்டலும் கார்ட்டிசோன் என்ற மருந்தால் முடக்குவாதக்காரர்களை எழுந்து நடக்கச் செய்தார்கள். மறு வருஷமே நோபல் பரிசு. அதற்குப் பிறகு புழுவெட்டுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடி வந்தது. கூடவே உப்பிய முகமும், தேய்ந்த எலும்பும், ரத்தத்தில் சர்க்கரையும் வந்தன. மாத்திரையை நிறுத்தியதும் முடி மட்டும் போய்விட்டது! சிறிய வட்டங்களில் அதே இனத்து மருந்தை ஊசியால் செலுத்தும் முறை இன்றும் இருக்கிறது. தலை முழுவதும் போனவர்களுக்கு அதனால் என்ன பயன்?

அவர்களுக்கு வைத்தியம் தேட அவசரப்பட்டவர்களும் அதிகம் இல்லை. 'உயிருக்கு ஆபத்தில்லையே, டோப்பா வைத்துக் கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள். இந்த நோய் முற்றினால் புருவமும் இமை மயிரும்கூடப் போய்விடும். நெற்றி வேர்வை நேரே கண்ணில் இறங்கும். நாவலாசிரியர்களாகிய நாங்கள் புருவத்தை வைத்துப் பிழைக்கிறவர்கள். கதாநாயகன் புருவத்தை நெரிக்காமல், கதாநாயகியின் புருவம் வியப்பால் உயராமல் ஓர் அத்தியாயம் முடிந்ததுண்டா? புருவமில்லாத முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிறவரிடம் 'இது வெறும் அழகுப் பிரச்னை' என்று சொல்ல எனக்குத் தைரியம் வராது.

இப்போது ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். 1989-ம் ஆண்டு வாக்கில் மெல்போர்னில் ஆண்ட்ரூ வில்க்ஸ் என்ற விஞ்ஞானி சில புதிய என்ஸைம்களைக் கண்டார். கைனேஸ் என்ற அந்த வகையில் ஏற்கனவே ஏராளமானவை தெரிந்திருந்தபடியால், 'இதுவும் ஒரு கைனேஸ்' என்ற பொருள்பட, வேடிக்கையாக 'ஜாக்' என்று மூன்றெழுத்துப் பெயர் வைத்தார்கள். பிறகு கௌரவம் கருதி, அதே எழுத்துக்களுக்கு ரோமாபுரியின் ஜேனஸ் தேவனை அழைத்து வந்தார்கள். முன்னும் பின்னும் இரண்டு முகம் உள்ள வாசல் தெய்வம் அது. அணுவின் வாசலில் வந்து சேரும் போர்ச் செய்தியை உள்ளே கொண்டு போய்ச் சேர்ப்பது இந்த ஜாக்கின் உத்தியோகம். தூதனைத் தடுத்துவிட்டால் சண்டை ஓயும் அல்லவா? முடக்குவாதத்துக்காக அப்படித் தயாரான டோஃபாசிடினிப் மாத்திரையை 2012-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. முடியைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை.

பேசாமல் வேலை செய்துகொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஏஞ்சலா கிறிஸ்டியானோ. 1995-ல் அவருடைய தலையில் ஒரு வட்டம் இருப்பதைச் சிகை அலங்காரம் செய்யும் பெண்மணி பார்த்துச் சொன்னாராம். பரம்பரை அணுக்களை ஆராய்வது தொழிலாக இருந்த அம்மையார், தம் நோயையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். 2010-ல் அவரும் சகாக்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். புழுவெட்டின் நெருங்கிய உறவுக்காரர்கள் மற்றச் சரும நோய்கள் அல்ல. முடக்குவாதமும், சிறு வயதில் வரும் நீரிழிவுமே. மேலே நான் சொன்ன அபாயக் கொடியும் அப்போது அகப்பட்டதுதான். உறவு முடக்குவாதத்தோடு என்றால், அதன் மருந்தை ஏன் கொடுத்துப் பார்க்கக்கூடாது?

2014-ல் இரண்டு இடங்களில் விடை வந்தது. ஜூன் மாதம் யேல் சர்வகலாசாலையின் டாக்டர்கள் பிரெட் கிங், பிரிட்டனி கிரெய்க்லோ இருவரும் ஓர் இளைஞரைப் பற்றி எழுதினார்கள். வயது 25. உடம்பில் ஏறக்குறைய முடியே இல்லாதவர். ஆனால் வந்தது சோரியாஸிஸ் என்ற செதில் நோய்க்காக. கிங் இரண்டுக்கும் சேர்த்து டோஃபாசிடினிப் கொடுத்தார். இரண்டு மாதத்தில் தலையிலும் முகத்திலும் முடி எழும்பியது. ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக! மருந்தின் அளவைக் கூட்டி இன்னும் மூன்று மாதம் போனதும் தலை நிறைய முடி, புருவம், இமை எல்லாம் வந்தன. ஆகஸ்டில் கொலம்பியாக் குழு, ருக்ஸோலிடினிப் என்ற இன்னொரு ஜாக் மருந்தால் மூன்று பேருக்கு முடி வளர்ந்ததைத் தெரிவித்தது.

ஒருவர், மூன்று பேர் என்பது கதைக்குப் போதும், வைத்தியத்துக்குப் போதாது. ஆகவே பாதித் தலைக்கு மேல் முடி இழந்த 1200 பேரை வைத்து பாரிசிடினிப் மாத்திரையை இரண்டு பரிசோதனைகளில் சோதித்தார்கள். 36 வாரம் கழித்து, தலையில் ஐந்தில் நான்கு பங்காவது முடி பெற்றவர்கள், அதிக அளவு மருந்து சாப்பிட்டவர்களில் ஒரு பரிசோதனையில் நூற்றுக்கு 39 பேர், மற்றதில் 36 பேர். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஆறு பேரும், மூன்று பேருமாகத் தேறினார்கள். நம் வெங்காயத்தின் நினைவு வருகிறதா?

2022 மார்ச் 27-ம் தேதி ஆஸ்கார் மேடையில் ஜேடா பிங்கெட் ஸ்மித்தின் மழித்த தலையைப் பற்றிக் கிறிஸ் ராக் பரிகாசம் செய்ய, கணவர் வில் ஸ்மித் ஏறிப்போய் அறைந்தார். அறைந்தது சரியா என்று உலகம் வாரக்கணக்கில் விவாதித்தது. முடி உதிரும் நோய் தமக்கு இருப்பதை அந்த அம்மாள் 2018-லேயே சொல்லியிருந்தார். 78 நாள் கழித்து, ஜூன் 13-ல், கடுமையான புழுவெட்டுக்கு உட்கொள்ளும் மருந்தாக முதன்முதலில் பாரிசிடினிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு அவ்வளவு கூட்டம் கூடவில்லை. 2023-ல் ரிட்லெசிடினிப் வந்தது. 2024-ல் நம் நாட்டு சன் பார்மாவின் டியூருக்ஸோலிடினிப்.

தெய்வத்துக்கு இரண்டாவது முகம் உண்டு என்றேனே! மூன்று மருந்துகளின் குறிப்பிலும் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள்: கடுமையான தொற்று, புற்றுநோய், இருதயக் கோளாறு, ரத்தக் கட்டி. இந்த பயம் பெரும்பாலும் வயது சென்ற முடக்குவாதக்காரர்களிடம் கண்டதிலிருந்து வந்தது. முடி இழந்த இளைஞர்களுக்கு அதே அளவு ஆபத்து என்று சொல்வதற்கில்லை. ஆனால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு முடி மறுபடியும் உதிர்கிறது. ஆகையால் மாத்திரை ஒரு மாதத்து விஷயமல்ல, வருஷக்கணக்கு விஷயம்.

ரிட்லெசிடினிப்பை 12 வயதிலிருந்தே கொடுக்கலாம் என்று அனுமதி. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்ட ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். தாயார் மாத்திரை வேண்டும் என்கிறாள். தகப்பனார் கறுப்புக் கட்டத்தை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாம் தடவையாகப் படிக்கிறார். டாக்டர் பேனாவை மூடாமல் காத்திருக்கிறார்.