பெங்களூர்த் தமிழ் இல்லங்களில் வானொலி முதல் இணையம் வரை

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகும் அறிஞர் பெருமக்கள் கோட்டை கொத்தளங்களைப் பற்றியும், அவற்றைக் கட்டிய மன்னர்களைப் பற்றியும் விரித்து எழுதுவர். பெங்களூரைப் பற்றியும் அங்ஙனம் எழுந்த நூல்கள் பல உள. ஆனால் நம் வீட்டு முன்னறையில், சுவரோரம் போடப்பட்ட சிறு மேசையின்மீது ஒரு காலத்தில் மரப்பெட்டி வானொலியும், பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டியும், இன்று கைப்பேசியும் வந்து அமர்ந்த கதையை எவரும் வரலாறு என்று கருதுவதில்லை. அம்மேசை கண்ட மாறுதல்களைப் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். தமிழகத்தை விட்டு வந்து இந்நகரில் வாழும் நமக்கு அம்மேசை வெறும் பொழுதுபோக்கு இடமன்று. தாய்மொழி நம் இல்லத்திற்குள் நுழையும் வாயிலாகவும் அதுவே இருந்து வந்துள்ளது. ஆதலின் மகிழ்வோடு இசைந்தேன்.

வானொலிக்கு முன்னே மின்சாரத்தைச் சொல்ல வேண்டும். சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்னாற்றல் 1902-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஏறத்தாழ 92 மைல் தொலைவு கம்பி வழி ஓடியது. அது முதலில் சென்று சேர்ந்தது அரண்மனைக்கு அன்று. கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்கு. அச்சுரங்கங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வடார்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த நம் முன்னோர் என்பதை இங்கு நினைவு கூர்வோம். காவிரி நீர் தமிழகத்தை அடையுமுன்னே, காவிரி மின்சாரம் தமிழ்த் தொழிலாளியின் தலைக்குமேல் ஓடியது! இத்திட்டத்திற்கு வித்திட்ட மைசூர்த் திவான் சேஷாத்திரி ஐயர், பாலக்காட்டுப் பக்கத்தில் பிறந்தவர். பணி நிறைவேறியதைக் காணாமலே 1901-இல் அவர் மறைந்தார். பெங்களூர் நகரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்.

இனி வானொலிக்கு வருவோம். சென்னையில் 1924-இலேயே ஆர்வலர்கள் வானொலிச் சங்கம் கண்டனர். 1930 முதல் மாநகராட்சி அப்பணியைத் தொடர்ந்தது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு திருச்சி நிலையமும் எழுந்தன. மைசூரில் நிகழ்ந்ததோ தனி மனிதர் ஒருவரின் அருஞ்செயல். மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய கோபாலசுவாமி என்பார் 1935-இல் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தார். அதற்கு 'ஆகாசவாணி' என்னும் பெயரும் வழங்கிற்று. பின்னாளில் நாடு முழுமைக்கும் உரிய வானொலிக்கு அப்பெயரே வாய்த்தது. அந்நிலையம் 1955 நவம்பரில் பெங்களூருக்கு இடம் பெயர்ந்தது.

பெங்களூர் நிலையம் கன்னட மொழிக்கு உரியது, அது முறையே. எனவே நம் வீட்டுப் பெரியோர் மாலையில் வானொலியின் முள்ளை மெல்ல மெல்லத் திருப்பித் திருச்சியைத் தேடுவர். இரவில் கொழும்பைத் தேடுவர். கொழும்பைத் தேட வேறொரு காரணமும் இருந்தது. 1952-இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடல்கள் நம் வானொலிக்குத் தகா என்று கருதி அவற்றை ஒதுக்கினார். சாத்திரீய சங்கீதத்தை வளர்ப்பது அவர் நோக்கம். நல்ல நோக்கமே, ஆனால் கேட்போர் செவியைக் கட்டளையிட்டுத் திருப்ப இயலுமா? போர்க்காலத்தில் நேசப் படைகளுக்காக இலங்கையில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவி, போர் முடிந்தபின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. அதன் வழியே மயில்வாகனன் அவர்களின் குரல் கடல் கடந்து நம் கூரைகளில் இறங்கிற்று. அரசினரும் 1957-இல் விவித பாரதியைத் தொடங்கித் தம் கொள்கையைத் தளர்த்தினர். அதற்குள் கொழும்பு நம் சிறுவர்க்கு மாமன் வீடு போல் பழகிவிட்டது.

வெள்ளைக்காரர் நாட்டிலிருந்தும் தமிழ் வந்தது. இலண்டன் பி.பி.சி. 1941-ஆம் ஆண்டு, போரின் நடுவே, தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் அது 'தமிழோசை' என்னும் அழகிய பெயரால் அறியப்பட்டது. இரவு ஒன்பதே கால் மணிக்கு அச்செய்தியைக் கேட்ட பின்னரே எங்கள் தந்தையார் விளக்கை அணைப்பார். பக்கத்து வீட்டுக் கன்னடப் பெரியவர் திண்ணையில் வந்து அமர்ந்து, "ஏனு சமாச்சாரா?" என்று வினவுவார், தந்தையார் மொழிபெயர்த்துச் சொல்வார். ஊரில் நடப்பதை அவரும், உலகில் நடப்பதை இவரும் பரிமாறிக்கொண்ட அத்திண்ணையை இன்று நினைத்தாலும் நெஞ்சம் நெகிழ்கிறது. சிற்றலையில் வந்த அவ்வோசை 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு அடங்கியது. இணையத்தில் அப்பணி தொடர்கிறதெனினும், அலைகளுக்கிடையே கரகரத்து வந்த அக்குரலைக் கேட்டுப் பழகியோர்க்கு அது வேறுதான்.

வானொலி வைத்திருந்தோர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திச் சிறு புத்தகத்தில் முத்திரை பெறவேண்டும் என்பதை இளைஞர்கள் அறியார். அவ்வழக்கம் 1980-களின் நடுவில் ஒழிந்தது. பிரிட்டனிலோ வானொலிக்கான கட்டணம் 1971-இல் நீங்கியது. தொலைக்காட்சிக்கான கட்டணம் இன்றும் உண்டு. அப்பணத்தாலேயே பி.பி.சி. வாழ்கிறது. பணம் செலுத்துவோன் குறை சொல்லவும் உரிமை பெறுகிறான். அந்நாட்டார் தம் ஒலிபரப்பைப் பற்றி ஓயாது வாதாடுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

இக்கருவிகளை நாம் வாங்கியவர்கள் மட்டும் அல்லர், செய்தவர்களும் ஆவோம். 1948-இல் தோன்றிய இந்தியத் தொலைபேசித் தொழிலகம் தூரவாணிநகரையே தன் பெயரால் உருவாக்கியது. 1954-இல் ஜாலஹள்ளியில் எழுந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வானொலிக்கு வேண்டிய வால்வுகளையும், பிற்காலத்தில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் படக்குழாய்களையும் செய்தது. இவ்விரு ஆலைகளிலும் பணிபுரிந்த தமிழர் பலர். நம் குடியிருப்பில் எத்தனை வீடுகள் அவ்வாலைச் சங்கொலிக்கு உலை வைத்தன என்பதை மூத்தோர் அறிவர்.

தொலைக்காட்சி என்னும் விந்தையை ஜான் லோகி பேர்டு என்னும் ஸ்காத்லாந்துக்காரர் 1926 ஜனவரியில் இலண்டன் நகர மாடியறை ஒன்றில் செய்து காட்டினார். டில்லிக்கு அது 1959-இல் வந்தது. சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15-இல். அதே 1975-இல், அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றின் உதவியால் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு ஓராண்டு காலம் கல்வி ஒளிபரப்பு நிகழ்ந்தது. கருநாடகத்தின் வடபகுதிச் சிற்றூர்கள் அதில் இடம்பெற்றன. பெங்களூர் வாசிகள் தொலைக்காட்சியைப் பாராத நாளிலே குல்பர்கா உழவர் மரத்தடியில் அமர்ந்து அதைப் பார்த்தனர் என்பது சுவையான செய்தி அன்றோ? நம் நாட்டு 'ஆப்பிள்' துணைக்கோள் 1981-இல் விண்ணேறுமுன் இப்பெங்களூரிலே மாட்டு வண்டியின்மேல் ஏற்றிச் சோதிக்கப்பட்டதும் அத்தகையதே. இரும்பு வண்டி அலைகளின் சோதனைக்கு இடையூறு செய்யும் என்பதால் மர வண்டியை நாடினர், வறுமையால் அன்று. அப்படத்தைக் கண்டு நகைப்போர் இதை அறிதல் நலம்.

1980-களின் தொடக்கத்தில் பெங்களூருக்கும் தூர்தர்ஷன் வந்தது. 1982-இல் வண்ணம் சேர்ந்தது. தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி. அவ்வீட்டு வாசலில் தெருவே செருப்பைக் கழற்றி வைத்தது. ஆனால் அப்பெட்டியில் தமிழ் அரிது. 1987-இல் இராமாயணத் தொடர் இந்தியில் வந்தபோது கம்பனைக் கற்ற முதியோரும் பொருள் விளங்காமலே கைகூப்பிப் பார்த்தனர். எங்கள் தெரு நண்பர் ஒருவர் சென்னை ஒளிபரப்பைப் பிடிக்க மொட்டை மாடியில் மிக உயர்ந்த கம்பம் நட்டார். பனி பொழிவது போன்ற புள்ளிகளுக்கிடையே ஒரு முகம் தோன்றி மறைந்தது. "தமிழ்தான், தமிழ்தான்!" என்று அவர் கூவியது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தோன்றியபின் அக்கம்பங்கள் தேவையற்றுப் போயின. கேபிள் கம்பி மரத்துக்கு மரம் தாவி வீட்டுக்கு வந்தது. அன்று நாம் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. எனினும் அம்மகிழ்ச்சியின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அதுவரை வாரந்தோறும் வந்த தமிழ் இதழ்கள் பல வீடுகளில் நின்றன. தமிழ் காதுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் கிடைத்தபோது கண்ணுக்குத் தேவையில்லை என்று எண்ணிவிட்டோம். இந்நகரில் வளர்ந்த பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் கற்கிறார்கள். தமிழை வீட்டில் கேட்டுப் பேசுகிறார்கள். தமிழ் எழுத்தைக் கண்டால் திகைக்கிறார்கள். இதற்குத் தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்பது அநீதி. ஆயினும் பெற்றோராகிய நம் சோம்பலுக்கு அது நல்ல திரையாக அமைந்தது.

திரையில் எம்மொழி வருவது என்பது சிறு செய்தி அன்று. 1994 அக்டோபரில் பெங்களூர்த் தூர்தர்ஷனில் உருதுச் செய்தி தொடங்கப்பட்டபோது மூண்ட கலவரத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். 2016 செப்டம்பரில் காவிரிப் பூசல் எழுந்த நாட்களில் நகரின் பல இடங்களில் தமிழ் ஒளிபரப்புகள் நிறுத்தப்பட்டன. அந்நாட்களில் நம்மை அச்சுறுத்தியது இருண்ட தொலைக்காட்சி அன்று, ஒளிர்ந்த கைப்பேசி. வாட்ஸ்அப்பில் எங்கோ எடுத்த காட்சிகள் இரு மாநிலத்தார் கையிலும் சுற்றின. எங்கள் கன்னட அண்டை வீட்டார் அன்று மாலை கதவைத் தட்டி, "ஏதும் வேண்டுமா?" என்று கேட்டுச் சென்றனர். திண்ணையை இடித்து விட்டோமே தவிர, அத்திண்ணை உறவு இடியவில்லை.

எண்முறை ஒளிபரப்பின் வரவைப் பற்றிச் சில சொற்கள். பிரிட்டனில் பழைய அலைமுறை ஒளிபரப்பை 2007-இல் ஒயிட்ஹேவன் என்னும் சிறு நகரில் நிறுத்தத் தொடங்கி, பகுதி பகுதியாகச் சென்று 2012 அக்டோபரில் வட அயர்லாந்தில் முடித்தனர். எழுபத்தைந்து வயது கடந்தோருக்கும் உடற்குறை உள்ளோருக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் புதிய பெட்டியைப் பொருத்தித் தரும் உதவித் திட்டமும் இருந்தது. நம் நாட்டில் கேபிள் வழி ஒளிபரப்பே முதலில் மாறியது. 2012-இல் நான்கு பெருநகரங்கள்; அடுத்துப் பெங்களூர் உள்ளிட்ட 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31 என்று நாள் குறிக்கப்பட்டது. செட்டாப் பெட்டி வாங்காத வீட்டில் படம் இல்லை. எங்கள் தெருவில் தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவர், பெட்டி பழுதாயிற்று என்று எண்ணி மூன்று நாள் அதன் தலையில் தட்டிக்கொண்டே இருந்தார். உதவிக்கு ஆள் அனுப்பும் அந்த ஒரு பண்பையாவது ஆங்கிலேயரிடமிருந்து நாம் இரவல் பெற்றிருக்கலாம் என்பது என் கருத்து.

2019 பிப்ரவரியில் வேறொரு மாறுதல். நூறு ஒளிபரப்புகளுக்கு வரி நீங்கலாக 130 ரூபாய் என்றும், கட்டண ஒளிபரப்புகளை அவரவர் தனித்தனியே தேர்ந்து விலை கொடுக்க வேண்டும் என்றும் விதி வந்தது. அதற்குமுன் தெருவில் தமிழர் மிகுதி என்றால் கேபிள்காரரே தமிழைத் தந்துவிடுவார். இனி ஒவ்வொரு வீடும் தமிழ் வேண்டும் என்று தானே குறித்துக் கொடுத்தாக வேண்டும். பலர் இதைக் குறை கூறினர். நான் கூறேன். வேண்டும் என்று கேட்டுப் பெறுவதில் ஓர் உறுதி இருக்கிறது.

இணையம் பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்டு 15 முதல் நான்கு பெருநகரங்களில் கிடைத்தது. பின்னர் நம் நகருக்கும் வந்தது. 1996-இல் பிரிகேட் சாலையில் காப்பிக் கடையோடு இணைய நிலையமும் திறக்கப்பட்டதை அன்பர் பலர் நினைவு கூர்வர். எளியோரும் பயன்படுத்தத்தக்க 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணிப்பொறியை இந்நகரத்து அறிஞர்கள் உருவாக்கினர். அது சந்தையில் வெல்லவில்லை. அதைவிட நமக்கு இன்றியமையாதது தமிழ் எழுத்தின் கதை. தொடக்கத்தில் ஒருவர் ஓர் எழுத்துருவில் அடித்த தமிழ் மற்றவர் திரையில் புரியாக் கோலமாய்த் தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு ஒரு பொது விசைப்பலகையை ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள் வலக்கைக்கு. க இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். அதற்கு முந்திய ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாய் ஏற்றியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முதலிய அன்பர்கள் ஊதியமின்றி நாடு நாடாய் அமர்ந்து அடித்துச் சேர்த்த செல்வம் அது. யூனிகோடு முறை பரவியபின் எழுத்துக் குழப்பமும் பெரும்பாலும் நீங்கியது.

தொலைக்காட்சி கண்ணிலிருந்து பறித்த எழுத்தை இணையம் திரும்பத் தருகிறது என்றே நான் காண்கிறேன். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி அனுப்பி வந்த என் பேத்தியின் கைப்பேசியில் சென்ற கோடை விடுமுறையில் அவ்விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்து அவள் தமிழ் எழுத்திலேயே நான்கு வரி அனுப்பினாள். ஒற்றுப் பிழை இரண்டு இருந்தன, திருத்தி அனுப்பினேன். உடனே விடை வந்தது: நாற்பது ஆண்டு இவ்வூரில் வாழ்ந்த தாத்தா இனித் தனக்குக் கன்னட எழுத்தில் நான்கு வரி எழுத வேண்டுமாம், பிழைகளை அவள் திருத்துவாளாம். இரண்டு வரி எழுதிவிட்டேன்.