விதைக்குக் கணக்கு உண்டு: பிரேசிலின் எளிய மனிதரும் நாமும்

பொல்பிட்டியவிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கமாக ஏறினால் தேயிலை. கித்துல்கல, எட்டியாந்தோட்டைப் பக்கமாக இறங்கினால் இறப்பர். இவ்விரு பயிர்களுக்கும் இடைப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுப்பவன் நான். வகுப்பில் பிரேசில் என்ற பெயரைச் சொன்னால் போதும், பின்வாங்கிலிருந்து காற்பந்து என்று குரல் எழும். ஆனால் தமது தாயோ தந்தையோ விடியற்காலையில் பால் வெட்டப் போகும் மரம் அந்த நாட்டுக் காட்டிலிருந்து வந்தது என்றால் அவர்கள் நம்பச் சற்று நேரமெடுக்கும்.

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசன் பிரதேசத்தின் தபஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து 70,000 அளவிலான இறப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கு முளைத்தவை மிகச் சில. அவற்றுள் 1,900 அளவிலான நாற்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹேனரத்கொடையில் நடப்பட்டன. விதைக்கும் நாற்றுக்கும் கணக்கு இருக்கிறது. கொண்டு வந்தவரின் பெயரும் இருக்கிறது. காட்டுக்குள் அலைந்து அவ்விதைகளைப் பொறுக்கி, கூடையில் சுமந்து வந்த அமேசன் குடிகளின் பெயர் மட்டும் எங்குமில்லை.

கோப்பியின் கதையும் இதுதான். 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலும் இலங்கையும் உலகச் சந்தையில் கோப்பி விற்ற நாடுகள். அங்கே பரைபா பள்ளத்தாக்கின் குன்றுகளில் காடழித்துக் கோப்பி நட்டவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். இங்கே கண்டிச் சீமையில் காடழித்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை கால்நடையாக வந்த தமிழகத்து ஏழைகள். அவர்களுள் எத்தனை பேர் வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டார்கள் என்பதற்குச் சரியான கணக்கில்லை. 1869இல் இங்கு கோப்பி இலையில் துருநோய் கண்டது. அது எப்போது, எங்கே தொடங்கியது, எத்தனை வருடத்தில் தோட்டங்களை அழித்தது என்பதெல்லாம் நுணுக்கமாக எழுதி வைக்கப்பட்டுள்ளது. அதே நோய் 1970இல் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் காணப்பட்டபோது அதுவும் உடனே பதிவாகியது. நோய்க்குக் கிடைத்த வரலாறு கூலிக்குக் கிடைக்கவில்லை.

இதே பாஹியாவில்தான் நமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு கூட்டத்தார் வாழ்ந்தனர். அதன் தலைநகரான சல்வடோர் மேல்நகர், கீழ்நகர் என இரண்டாகப் பிரிந்து கிடக்கும் மேட்டுநிலப் பட்டினம். துறைமுகத்தில் இறங்கிய சரக்கையும், பல்லக்கில் அமர்ந்த எசமானர்களையும் செங்குத்தான தெருக்களில் சுமந்து ஏற்றியவர்கள் கறுப்பின அடிமைகள். கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்களை அன்றாடம் காணும் எமக்கு அந்தக் காட்சி அந்நியமானதல்ல. உழைத்த கூலியில் ஒரு தொகையை வாரந்தோறும் எசமானிடம் கட்டிவிட்டு, எஞ்சியதைச் சேமித்துத் தமது விடுதலையைத் தாமே விலைக்கு வாங்க முயன்றவர்கள் பலர். பெண்கள் தெருவோரத்தில் பலகாரம் விற்றனர். ஊறவைத்த கௌபியை அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரித்தெடுக்கும் ‘அகரஜே’ இன்றும் சல்வடோரின் தெருக்களில் விற்கப்படுகிறது. பார்த்தால் நம் வடைக்கு உறவு என்றே தோன்றும்.

இவ்வடிமைகளுள் யொரூபா, ஹௌசா இனங்களைச் சேர்ந்த முஸ்லிம்கள் கணிசமாக இருந்தனர். ‘மாலே’ என்று அங்கே அவர்களை அழைத்தார்கள். சுமைக்காகக் காத்திருந்த நேரங்களிலும், இரவில் ஒதுக்குப்புற அறைகளிலும் அவர்கள் மரப்பலகையில் அரபு எழுத்துக்களை எழுதிப் பழகினார்கள். எசமானர் பலருக்கே எழுத்து வாசனை இல்லாத நாட்டில் அடிமை ஒருவன் வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டிருந்தான் என்பது சிறிய விடயமன்று.

அவர்களது ஆசிரியர்களுள் ஒருவர் பசிபிகோ லிகுதான். புகையிலை சுற்றும் தொழில் செய்த முதியவர். அவரை விடுதலை செய்யப் பணம் திரட்டி நீட்டியபோதும் எசமானான மருத்துவர் இணங்கவில்லை. பின்னர் அந்த எசமான் பட்ட கடனுக்காக, ஏலத்தில் விற்கப்படவேண்டிய பொருளாக லிகுதான் நகரச் சிறையில் அடைக்கப்பட்டார். 1835 ஜனவரி 24ஆம் திகதி நள்ளிரவு கடந்து, ரமழானின் இறுதிப் பத்தில், மாலேகள் கிளர்ந்தெழுந்தபோது முதலில் அச்சிறையை உடைக்கவே ஓடினார்கள். அது கைகூடவில்லை. விடிவதற்குள் கிளர்ச்சி அடக்கப்பட்டது. 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிடிபட்டோருள் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏனையோருக்குக் கசையடி, சிறை, நாடுகடத்தல். விசாரணையில் லிகுதான் தன் பெயரை பிலால் என்றே சொன்னார். அவரது பெயர் அதுவல்லவே என்று கேட்டபோதும், தான் விரும்பும் பெயரைத் தான் வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்திலேயே நின்றார். அந்தப் பெயரின் கனம் நமக்குப் புரியும்.

மாண்டவர்களின் உடலிலும் வீடுகளிலும் அரபுத் தாள்கள் கைப்பற்றப்பட்டன. சதித்திட்டம் என்று அதிகாரிகள் அஞ்சிய அவற்றுள் பல அல்குர்ஆன் வசனங்களும் துஆக்களும் எழுதும் பயிற்சிகளுமே. வழக்குச் சான்றாகச் சேர்ந்த அத்தாள்களில் சில பாஹியாவின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. அடக்கியவர்கள் தம்மையறியாமலே செய்த உதவி இது. 31 வருடங்களின் பின், 1866இல், உதுமானியக் கப்பலொன்றில் ரியோ டி ஜெனீரோவை அடைந்த இமாம் அப்துர் ரஹ்மான் அல்பக்தாதி, மறைவாகத் தம் மார்க்கத்தைப் பேணிய கறுப்பின முஸ்லிம்களைக் கண்டு சில வருடங்கள் தங்கிக் கற்பித்து, அந்த அனுபவத்தை நூலாகவும் எழுதினார். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888இல்தான்.

சரியாக 100 வருடங்களின் பின், 1988 டிசம்பர் 22ஆம் திகதி, அமேசனின் ஆக்ரே மாநிலத்தில் சீக்கோ மென்டிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறுவயதிலேயே பால் வெட்டத் தொடங்கி, பள்ளிக்கூடம் காணாமல் வளர்ந்து, வாலிப வயதில் எழுத்தறிந்தவர். மாட்டுப் பண்ணைக்காரர் காட்டை அழிக்க வந்தபோது பால்வெட்டுத் தொழிலாளரைத் திரட்டி, குடும்பம் குடும்பமாகக் குறுக்கே நிற்கச் செய்தவர். எழுத்தறிந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளி என்பதாலேயே அவரது குரல் உலகுக்குக் கேட்டது.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு குற்றவுணர்வு என்னை அரிக்கிறது. வாப்பாவின் வாப்பா, நாங்கள் அப்பா என்று அழைத்தவர், தோட்டத்து லயங்களுக்குத் துணிமூட்டை சுமந்து சென்று கடனுக்கு விற்றவர். அவருடைய கணக்குக் கொப்பி அரபுத் தமிழில் இருந்தது. யாருக்கு எத்தனை முழம் சீத்தை, எந்தக் கலியாணத்துக்கு, எத்தனை சம்பளத்தில் கடன் தீர்ந்தது என்றெல்லாம் அதில் இருந்ததாக உம்மா சொல்லியிருக்கிறார். கலாசாலையில் பயிற்சி முடித்துவந்த புதிதில் வீட்டைத் துப்புரவு செய்தவன் நான். எனக்கு வாசிக்கத் தெரியாத அந்தக் கொப்பியை, கறையான் பிடித்த பழைய தாள்களோடு சேர்த்துக் கொளுத்திவிட்டேன். வரலாற்று ஆசிரியன் செய்த வேலை இது. பாஹியாவின் பொலிசார்கூட வாசிக்கத் தெரியாத தாள்களைப் பத்திரப்படுத்தினார்கள்.

மலையகத்து லயத்து மனிதரின் பெயர்கள் துரைமாரின் பேரேட்டில் எண்ணாக மட்டுமே இருந்திருக்கலாம். அவர்களிடம் வியாபாரம் செய்த நம் முன்னோரின் கொப்பிகளில் அவர்கள் பெயரோடும், வாங்கிய துணியோடும், கலியாணத்தோடும் இருந்தார்கள். அத்தகைய கொப்பிகள் இன்னும் சில வீடுகளின் பரண்களில் இருக்கக்கூடும். இதை வாசிப்பவர்கள் தத்தமது வீட்டில் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்களை அருகில் இருத்தி வாசிக்கச் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். என் வீட்டில் அதற்கு இனி வழியில்லை.