வார்ப்புப் பொம்மைக் கார்கள்

உருக்கிய துத்தநாகக் கலப்புலோகத்தை எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தி வார்த்தெடுத்து, வர்ணம் பூசி, அடித்தகடும் சக்கரங்களும் பொருத்தி விற்கப்பட்ட சிறு மோட்டார் வாகன உருவங்களே வார்ப்புப் பொம்மைக் கார்கள் எனப்படுவன. சிறுவர் தரையில் உருட்டி விளையாடுவதற்கென்றே பிறந்த இவை, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அவற்றை வைத்து விளையாடிய ஆங்கிலத் தலைமுறை சம்பாதிக்கத் தொடங்கி, வீடு வாசல் என்று நிலைபெற்று, கழிந்துபோன பால்யத்தைத் திரும்பிப் பார்க்கும் பிராயத்தை அடைந்தபோது, தபால்தலைகளையும் பழைய நாணயங்களையும் போல ஏலத்தில் விலை கூறப்படும் பொருள்களாயின. இம்மாற்றத்தில் ஒரு விபரீதம் அடங்கியிருக்கிறது: எந்தப் பொம்மை ஒரு குழந்தையின் கையில் நாள்தோறும் புரண்டு வர்ணம் உதிர்ந்து சக்கரம் கோணியதோ அது சில்லறைக் காசுக்குப் போகிறது, எதைப் பெட்டியிலிருந்து எடுக்க ஒரு குழந்தைக்கும் வாய்க்கவில்லையோ அதற்கே பெருந்தொகை கொடுக்கப்படுகிறது.

இத்தொழிலின் மூலம் அச்சுக்கூடத்தில் இருக்கிறது. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில், உருக்கிய உலோகத்தைக் கொண்டு எழுத்துக்களை வரிவரியாக வார்த்துத் தரும் லைனோடைப் யந்திரம் வைக்கப்பட்டிருந்தது. அந்நகரில் சலவைத் தொழிலுக்கான பத்திரிகை ஒன்றை நடத்திவந்த டௌஸ்ட் சகோதரர்கள் அதைக் கண்டு, எழுத்தை வார்க்கும் யந்திரம் பொத்தானையும் பதக்கத்தையும் வார்க்காதா என்று முயன்று, படிப்படியாகப் பொம்மைகளுக்கு வந்து சேர்ந்தனர். பிற்காலத்தில் டூட்ஸிடாய் என்ற பெயரால் பிரசித்தி பெற்ற அவர்களுடைய சிறு கார்களே இவ்வகையின் முன்னோடிகள்.

எனினும், சேகரிப்போர் பெரிதும் போற்றும் வம்சம் லிவர்பூலில் தொடங்குகிறது. துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைத்துப் பாலமும் பாரந்தூக்கியும் கட்டும் மெக்கானோ விளையாட்டைக் கண்டுபிடித்து 1901-இல் காப்புரிமை பெற்ற ஃபிராங்க் ஹார்ன்பி, அந்நகரின் பின்ஸ் சாலையில் பெருந்தொழிற்சாலை ஒன்றை அமைத்து, 1920 முதல் பொம்மை ரயில்களையும் செய்துவந்தார். அந்தப் பொம்மை ரயிலின் நிலைய வாசலில் நிற்பதற்கு வண்டிகள் வேண்டியிருந்தன; அத்தேவையை முன்னிட்டே, இரண்டு கார்கள், ஒரு லாரி, ஒரு சரக்கு வான், ஒரு டிராக்டர், ஒரு பீரங்கி வண்டி ஆகிய ஆறும் 1933-இன் இறுதியில் ரயிலுக்குத் துணைப்பொருளாக வெளிவந்தன. 1934-இல் அவை டிங்கி டாய்ஸ் என்று பெயர் பெற்றன. துணையாக வந்தது விரைவிலேயே தனித்து நின்றுவிட்டது. டிங்கி கார்களுக்கும் அவற்றைப் பின்பற்றிய பலவற்றுக்கும் இன்றளவும் வழங்கும் 1:43 என்ற அளவுவிகிதம், ஓர் அடியை ஏழு மில்லிமீட்டராகச் சுருக்கிய அந்நாளைய ஓ கேஜ் ரயிலிலிருந்து வந்த எச்சமேயாகும். யுத்தத்துக்கு முன் வெளியான சரக்கு வான்களில் பிக்ஃபோர்ட்ஸ், ஆக்ஸோ, மான்செஸ்டர் கார்டியன் முதலிய விளம்பரங்கள் ஒட்டப்பட்டிருந்தன; ஒரே வார்ப்பு, ஒட்டிய எழுத்து மட்டும் வேறு என்ற இந்தச் சிக்கனம், பின்னாளில் சேகரிப்போருக்கு ஒரு தீராத தேடலை வைத்துவிட்டுப் போயிற்று.

முதலில் வந்த ஆறும் ஈயக் கலப்பால் ஆனவை. பின்னர், துத்தநாகத்தோடு சுமார் நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியமும், சிறிது செம்பும், இம்மியளவு மக்னீசியமும் சேர்ந்த கலப்புலோகம் அவற்றின் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் ஜமாக் என்றும் இங்கிலாந்தில் மஜாக் என்றும் வழங்கப்பட்ட இவ்வுலோகம், நானூறு டிகிரிக்கும் குறைந்த வெப்பத்தில் உருகி, அச்சின் மிக நுண்ணிய கோட்டுக்குள்ளும் புகுந்து, சில நொடிகளில் இறுகிவிடும். ஆகவே காரின் முகப்புக் கம்பியழியையும் கதவின் கைப்பிடியையும் கூட நகக்கண் அளவில் துல்லியமாகக் காட்ட முடிந்தது. சித்திர நிபுணர் வரைந்த படத்தைக் கொண்டு, விற்கப்போகும் பொம்மையைவிடப் பன்மடங்கு பெரியதாக ஒரு மாதிரியைச் செதுக்கி, அதன் மேடு பள்ளங்களைத் தொட்டுத் தொட்டுச் சுருக்கி வெட்டும் யந்திரத்தால் எஃகு அச்சைக் கடைவர். வார்த்தபின் ஓரத்தில் பிதுங்கிய பிசிறை நீக்கி, உருளையில் போட்டுப் புரட்டி வழுவழுப்பாக்கி, வர்ணம் பூசி உலையில் காய்ச்சி, உடலுக்குள்ளிருந்து நீண்டிருக்கும் சிறு முளையின் நுனியை அடித்தகட்டின்மேல் நசுக்கி மூடுவதோடு வேலை முடியும். அந்த முளை பிற்பாடு ஒரு சாட்சியாகப் பயன்படும் என்று அதை நசுக்கிய தொழிலாளி எண்ணியிருக்க மாட்டார். அதைக் குடைந்து திறந்திருக்கிறார்களா என்பதைத்தான் இன்று வாங்குபவர் முதலில் திருப்பிப் பார்க்கிறார்.

இவ்வுலோகத்துக்கு ஒரு வியாதியும் உண்டு. துத்தநாகம் மிகத் தூய்மையாக இருக்கவேண்டும். ஈயமோ வெள்ளீயமோ லட்சத்தில் சில பங்கு கலந்துவிட்டாலும், உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்புத் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல வார்ப்பு உள்ளிருந்தே பருத்து, கொப்புளித்து, வெடித்து, இறுதியில் விரலிடையில் பொடியாகிவிடும். யுத்தத்துக்கு முந்தைய டிங்கிகள் பலவற்றை இவ்வியாதி தின்றிருக்கிறது. ஈரமும் வெம்மையும் இதை விரைவுபடுத்தும். குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தால் தாமதப்படுத்தலாமேயன்றி, ஒருமுறை பற்றியபின் தீர்க்கும் மருந்து கிடையாது. குழந்தையின் கைக்கு எட்டாமல், வெயில் படாமல், பஞ்சில் பொதிந்து காப்பாற்றப்பட்ட பொம்மையும் வார்த்த நாளிலேயே தன் முடிவைத் தன்னுள் வைத்திருந்தது என்றால், பேணுவதையே தர்மமாகக் கொண்ட சேகரிப்போருக்கு அதைவிடக் கசப்பான செய்தி வேறொன்று இருக்க முடியாது.

டிங்கி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பொம்மை. எல்லாப் பிள்ளைகளின் சட்டைப்பைக்கும் காரைக் கொண்டுவந்த பெருமை லெஸ்னி ஸ்தாபனத்தைச் சேரும். கடற்படையில் பணியாற்றித் திரும்பிய லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரு பள்ளித்தோழர்கள், பெயரொற்றுமை தவிர உறவு ஏதுமில்லாதவர்கள், 1947 ஜனவரியில் தம் பெயர்களின் பாதிகளைக் கூட்டி இந்நிறுவனத்தைத் தொடங்கி, வடலண்டனில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு மதுக்கடைக் கட்டிடத்தில் வார்ப்பு யந்திரத்தை நிறுவினர். யந்திர நுட்பத்தில் தேர்ந்த ஜாக் ஓடெல் அவர்களுடன் சேர்ந்தார். தொழிற்சாலைகளுக்கு வேண்டிய சிறு உறுப்புகளை வார்ப்பதே அவர்களுடைய பிரதான வேலை. ஆர்டர் குறைந்த காலத்தில் யந்திரம் சும்மா கிடக்காதிருக்கப் பொம்மை செய்தனர். கொரிய யுத்தத்தின்போது பொம்மைகளுக்குத் துத்தநாகம் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டதால் அதுவும் சிறிதுகாலம் நின்றது. 1953-இல் இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை ஒட்டி, எட்டுக் குதிரை பூட்டிய அரச ரதத்தைச் சிறிய அளவில் வார்த்து விற்றனர். அது பத்து லட்சத்துக்கு மேல் விற்று, அவர்களுடைய எதிர்காலத்தை நிச்சயித்தது.

அதற்கு முந்திய ஆண்டில் ஓடெலின் வீட்டில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்தது. தந்தை, தம் கம்பெனியின் ரோடு ரோலரைச் சுருக்கிப் பித்தளையில் ஒன்று செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். தோழிகள் எல்லோரும் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். இவ்விதம் பிறந்ததே 1953-இல் வெளிவந்த மேட்ச்பாக்ஸ் வரிசை. ரோடு ரோலர், மண் கொட்டும் வண்டி, சிமெண்டு கலக்கும் யந்திரம், டிராக்டர், லண்டன் நகரத்துச் சிவப்புப் பஸ் என்று அதன் முதல் எண்கள் அமைந்தன. குண்டு வீச்சில் இடிந்த தெருக்களை மீண்டும் கட்டிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், சிறுவன் ஜன்னலுக்கு வெளியே கண்ட வண்டிகளே அவன் உள்ளங்கைக்கும் வந்தன என்பது கவனிக்கத்தக்கது. ராஜபோகக் கார்களையும் பந்தயக் கார்களையும் பின்னுக்கு நிறுத்தி இவற்றுக்கு முதலிடம் தந்ததில் இருந்த உலக அனுபவம் சாமானியமானதன்று. வரிசை 75 எண்களை எட்டியபின் அத்தொகை அப்படியே வைக்கப்பட்டு, பழைய மாதிரி விலக விலகப் புதியது அதே எண்ணை ஏற்றது. ஒவ்வொரு பெட்டியின் மீதும் உள்ளிருக்கும் வண்டியின் படம் இருந்தது. வாரச் செலவுக்குக் கிடைக்கும் காசில் வாங்கத்தக்க விலை, எண் வரிசை, விடுபட்ட எண்ணை நிரப்பும் ஆவல் ஆகிய மூன்றும் சேர்ந்து, சேகரிக்கும் புத்தியை ஏழு வயதிலேயே ஊன்றிவிட்டன.

1956-இல் மெட்டாய் நிறுவனம் வேல்ஸ் தேசத்து ஸ்வான்ஸீயிலிருந்து கார்கி டாய்ஸ் என்ற போட்டியை இறக்கிற்று. டிங்கியின் ஜன்னல்கள் வெறும் துவாரங்களாக இருக்க, கார்கியின் ஜன்னல்களுக்குத் தெளிந்த பிளாஸ்டிக் கண்ணாடி இருந்தது. அதைச் சொல்லியே விற்றார்கள். இந்நிறுவனத்தின் உச்சம் 1965-இல், ஜேம்ஸ் பாண்டின் ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் வரும் ஆஸ்டன் மார்ட்டின் காரோடு வந்தது. படத்தில் வெள்ளி நிறமாயிருந்த காருக்கு, வர்ணமே பூசாத வெறும் வார்ப்பு என்று வாங்குபவர் எண்ணிவிடுவாரோ என்று பொன்னிறம் பூசினார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் முன்புறத் துப்பாக்கிகள் நீளும்; புகைக்குழாயை அழுத்தினால் பின்னால் கவசத் தகடு எழும்பும்; பக்கத்திலுள்ள விசையைத் தட்டினால் கூரை திறந்து, அருகில் அமர்ந்திருக்கும் எதிரி ஆகாயத்தில் எறியப்படுவான். அரை அங்குலம்கூட அமர இடம் கொள்ளாத அந்த நீலச்சட்டைக்காரன் கட்டிலடியிலும் தரைப்பலகை இடுக்கிலும் மறைந்துபோவான் என்பதைச் செய்தவர்களே அறிந்திருந்தார்கள் போலும். பெட்டியினுள் மாற்றாள் ஒருவனையும் வைத்து, ரகசியக் குறிப்பு அடங்கிய உறை ஒன்றையும் கொடுத்தனர். இன்று இக்காரை விற்பவர் முதலில் கேட்கப்படும் கேள்வி, ஆள் இருக்கிறானா என்பது. அடுத்தது, மாற்றாள் பிரிக்கப்படாமல் இருக்கிறானா, உறை இருக்கிறதா என்பது. பொம்மை எதற்காகச் செய்யப்பட்டதோ அதை ஒருமுறைகூடச் செய்யாதிருந்ததற்கே இங்கு வெகுமதி.

1968-இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ஹாட் வீல்ஸ் கார்களை வெளியிட்டபோது இந்த ஆங்கில ராஜ்யம் ஆட்டங்கண்டது. மெல்லிய கம்பி அச்சாணியில் உராய்வின்றிச் சுழன்ற சக்கரங்களும், ஒளி ஊடுருவும் பளபளத்த வர்ணமும், சரிந்து வளைந்த பிளாஸ்டிக் பாதையும் கொண்ட அக்கார்களுக்கு முன், சாந்தமாக உருளும் மேட்ச்பாக்ஸ் வயோதிகம் அடைந்ததாகத் தோன்றிற்று. லெஸ்னி 1969-இல் சூப்பர்ஃபாஸ்ட் என்று தன் சக்கரங்களை மாற்றியது. மாற்றத்தின் இடையில் ஒரே வார்ப்பு இருவகைச் சக்கரத்தோடும் வெளிவந்ததால், சேகரிப்போர் அந்த எல்லைக்கோட்டை மிகுந்த அக்கறையுடன் ஆராய்கின்றனர். பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. லெஸ்னி 1982-இலும் மெட்டாய் 1983-இலும் திவாலாயின. மேட்ச்பாக்ஸ் என்ற பெயர் கைமாறிக் கைமாறி, 1997-இல் அதைத் தோற்கடித்த மேட்டலிடமே போய்ச் சேர்ந்தது.

ஓய்ந்த அச்சுகள் சில இந்தியாவுக்கு வந்தன. டிங்கியின் அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் வார்க்கப்பட்ட கார்கள் நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் விற்கப்பட்டன; மேட்ச்பாக்ஸின் பழைய அச்சுகளிலிருந்து அதே நகரத்தில் மாக்ஸ்வெல் கார்கள் எழுந்தன. தேய்ந்த அச்சாதலால் கோடுகள் மழுங்கியும், வர்ணம் திட்டுத்திட்டாகவும் இருந்த இவற்றை அக்காலத்து மேல்நாட்டார் ஏளனமாகவே கருதினர். பிற்காலத்தில் அதே மழுங்கலையும் வர்ணபேதத்தையும் தேடி அவர்களே வாங்கினார்கள். இறக்குமதிப் பொம்மை எளிதில் கிட்டாத நாட்டில் கிடைத்த காரைத் தேயத்தேய உருட்டாமல் வைத்திருந்தவர் சிலரே என்பதும் இவற்றின் அருமைக்கு ஒரு காரணம்.

சேகரிப்பில் பொம்மைக்கு ஒரு தரமும் பெட்டிக்கு வேறொரு தரமும் உண்டு. குழந்தை முதலில் கிழித்தெறியும் அட்டைப்பெட்டி, பல சமயங்களில் உள்ளிருக்கும் காருக்கு நிகராக விலைபெறும். பேதங்களை அறிவது இக்கலையின் பாண்டித்தியம்: சக்கரம் உலோகமா, சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கா, கறுப்பா என்று பார்ப்பது ஆரம்பப் பாடம்; தேர்ந்தவர்கள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அச்சிறு சக்கரத்தின் விளிம்பிலுள்ள பற்களையே எண்ணுகிறார்கள். புறத்தாருக்கு இது பித்து. ஆனால் பெரும்பாலோர் தொடங்கியது இங்கிருந்தன்று. எட்டு வயதில் தொலைத்ததையோ, கடைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்து வாங்க இயலாது போனதையோ தேடித்தான் தொடங்கினார்கள். ஆகையால் விலையும் தலைமுறையோடு நகர்கிறது. யுத்தத்துக்கு முந்தைய டிங்கியைக் கையில் வைத்து விளையாடியவர்கள் அருகிவிட்டார்கள். சிவப்புக் கோடிட்ட சக்கரங்களோடு 1977 வரை வந்த ஹாட் வீல்ஸை உருட்டிய அமெரிக்கச் சிறுவர்கள் இப்போது கையில் பணமுள்ள முதியவர்கள்.

உதிர்ந்த வர்ணத்தை மீண்டும் பூசலாமா என்பது தீராத வழக்கு. புதிதாகப் பூசிய கார் கண்ணுக்கு அழகாயிருப்பினும் விலையில் வீழ்ந்துவிடும். கீறலோடு கூடிய மூல வர்ணமே மேல் என்பது பொதுவான கொள்கை. எனினும் தாம் சிறுவயதில் உருட்டிச் சிதைத்த அதே காரை வைத்திருப்பவர்களில் சிலர், விலை குறையும் என்று தெரிந்தே முளையைக் குடைந்து பிரித்து, பழுதுபார்த்துப் புதுக்கிக்கொள்கிறார்கள்; இவர்களையே உண்மையான அபிமானிகள் என்று சொல்லத் தோன்றுகிறது. இவர்களுக்காக ரப்பர் டயர், ஒட்டும் எழுத்து, தொலைந்த சிற்றுருவங்கள், மறு அச்சடித்த பெட்டிகள் ஆகியவை தனியே செய்து விற்கப்படுகின்றன. அவற்றைப் பொருத்திய காரை விற்கும்போது ஏலக் குறிப்பில் அதைத் தெரிவிப்பது வழக்கம். மறைத்து விற்பதை இத்துறையில் மோசடி என்றே கொள்வர்.