நாக்கின் சொல், நகரத்தின் சொல்

ஆடம்பரம் துளியும் இல்லாத ஓர் அறையை ஆங்கிலத்தில் ‘ஆஸ்டியர்’ என்றும் சொல்லலாம், ‘ஸ்பார்ட்டன்’ என்றும் சொல்லலாம். இரண்டுமே கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஆனால் ஒன்று பட்டவர் சொன்னது. மற்றது பார்த்தவர் சொன்னது.

‘ஆஸ்டியர்’ நாக்கில் பிறந்தது. உலர்த்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த ‘ஆஸ்தேரோஸ்’, வாயை வறளவைக்கும் துவர்ப்பைச் சொன்னது. கடுத்த மதுவுக்கு அது பொருந்தும். பிறகு சுவையிலிருந்து சுபாவத்துக்குத் தாவியது. லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் ஓர் ஊழியன் தன் எஜமானை இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறான். 1611இன் ஆங்கில விவிலியமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. அங்கே எளிமை என்ற பேச்சே இல்லை. கீழே நிற்பவனின் அச்சம்தான் இருக்கிறது. அலங்காரமின்மை என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது.

‘ஸ்பார்ட்டன்’ ஓர் ஊரின், பண்டைக் கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின், புகழிலிருந்து பிறந்தது. அந்தப் புகழைப் பெரும்பாலும் எழுதிவைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். கி.மு. 479இல் பிளாட்டியாப் போரில் பாரசீகரை வென்ற ஸ்பார்ட்டத் தளபதி பவுசானியாஸ், பாரசீகத் தளபதியின் விருந்தையும் தன் ஊர்ச் சாப்பாட்டையும் அருகருகே வைக்கச் செய்து சிரித்தார் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அதே பவுசானியாஸ் பிற்பாடு பாரசீக உடைக்கும் உணவுக்கும் மாறிவிட்டதைச் சொல்பவர் இன்னொரு வரலாற்றாசிரியரான துசிடிடீஸ். சொல் என்னவோ முதல் காட்சியை மட்டுமே பிடித்துக்கொண்டது.

அது விட்டுவிட்டவற்றில் கனமானது ஹெலட்டுகள் எனப்பட்ட அடிமைகளின் உழைப்பு. ஸ்பார்ட்டாவின் குடிமகன் ஏர் பிடிக்கவில்லை. பன்றி இறைச்சியும் இரத்தமும் காடியும் சேர்ந்த அவனுடைய கறுப்புக் குழம்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பொதுப்பந்திக்கு அவன் கொடுத்த தானியத்தை விளைவித்த அடிமைகளை யாரும் பேசுவதில்லை. அவர்கள் இல்லாமல் அந்த எளிமை ஒரு பருவம்கூடத் தாங்கியிருக்காது. அந்த எளிமையும் தொடக்கம் முதலே இருந்ததல்ல. 1906 முதல் 1910 வரை ஸ்பார்ட்டாவின் ஆர்ட்டெமிஸ் ஆர்த்தியா கோயிலில் நடந்த அகழாய்வில் தந்தச் சிற்பங்களும் கிடைத்தன. தொடக்ககால ஸ்பார்ட்டா அழகுப்பொருளை வெறுக்கவில்லை. 1933இல் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா ஒலியே இந்தப் புகழையே ‘ஸ்பார்ட்டக் கானல்’ என்றார்.

அதனால் வெற்றுச் சுவருக்கும் இரும்புக் கட்டிலுக்கும் பாராட்டாக ‘ஸ்பார்ட்டன்’ என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை. ‘ஆஸ்டியர்’ தன் துவர்ப்பை மறைப்பதில்லை. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு அதன் பெயர்ச்சொல்லான ‘ஆஸ்டெரிட்டி’யின் சுவை தெரியும். 2010இல் கடன் நெருக்கடியில் ஓய்வூதியம் வெட்டப்பட்ட கிரேக்கர்களுக்கும் தெரியும்.