பொம்மைப் போரும் உண்மைச் சிற்றூரும்



போர் விளையாட்டுகளுள் தொன்மை வாய்ந்தது சதுரங்கம். அதனை உலகுக்கு அளித்தது பாரத நாடு. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையும் அப்பெயரிலேயே அடங்கியுள்ளன. ஆயினும், அதன் 64 கட்டங்களில் ஓர் ஆறு உண்டா? ஒரு குளம் உண்டா? நெல் விளையும் வயல் உண்டா? படை உண்டு, நிலம் இல்லை. விளையாட்டுக்குள் நிலம் புகுந்த வரலாற்றையும், அந்நிலத்தில் ஒரு சிற்றூரை எவ்வாறு அமைப்பது முறை என்பதையும் உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

1812ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டு அலுவலரான ரைஸ்விட்சு என்பார், தம் மன்னருக்குப் புதுமையானதொரு போர் மேசையைச் செய்தளித்தார். சுண்ணச் சாந்தில் வார்த்த சதுர வில்லைகளின்மேல் குன்றும் ஆறும் காடும் பாதையும் சிற்றூரும் புடைப்பாக அமைந்திருந்தன. வில்லைகளை மாற்றி அடுக்கினால் வேறொரு நாடு தோன்றும். 1824இல் அவர் மகனார், 8,000இல் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த நிலப்படத்தின்மேல் ஆடும் முறையை வெளியிட்டார். பிரஷ்யப் படையினர் அதனைப் பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டனர்.

பிரிட்டிஷ் படை அதிகாரி வில்லியம் சைபோர்ன், 1815இல் நிகழ்ந்த வாட்டர்லூப் போரின் களத்தை உருவமைக்க முற்பட்டார். அக்களத்திலேயே இருந்த பண்ணை வீடொன்றில் எட்டுத் திங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரில் நின்றவர்களுக்கு மடல் எழுதி, அவர்கள் நின்ற இடத்தையும், அங்கு வளர்ந்திருந்த பயிரையும் கேட்டறிந்தார். 1838இல் மக்கள் பார்வைக்கு வந்த அம்மாதிரியில் வீரர் உருவங்கள் 70,000க்கும் மேற்பட்டவை. லண்டனிலுள்ள தேசியப் படை அருங்காட்சியகம் அதனைப் பேணி வருகிறது.

பின்னர், எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டு இவ்விளையாட்டை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். அட்டை வீடுகள், மரக்கட்டைகள், தோட்டத்துச் சுள்ளிகள் ஆகியவையே அவருடைய நாடு. பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவர்க்கு உண்மைப் போரின் மடமை விளங்கும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே உலகப் பெரும்போர் மூண்டது.

இம்மூவரும் நிலத்தை மதித்தனர். ஆனால், பயிரைக் கேட்டறிந்தால் போதுமா? பயிரிட்டவன் எங்கே? இக்கேள்விக்கு விடை தேட நம் திருச்சிராப்பள்ளிக்கே வருவோம்.

நான் குடியிருக்கும் கைலாசபுரம், 1960களில் கொதிகலன் தொழிற்சாலையை ஒட்டி எழுந்த ஊர். அதன் அண்டையில் திருவெறும்பூர்க் குன்றும் கூத்தைப்பாரும் உள்ளன. 1751 முதல் 1754 வரை இவ்வட்டாரம் முழுதும் போர்க்களமாய் இருந்தது. முகமது அலி கோட்டை நகருள் இருக்க, சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் முற்றுகையிட்டனர். 1752இல் பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவில் வளைக்கப்பட்டுச் சரணடைந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார். அதன்பின், அதுவரை துணைநின்ற மைசூர்ப் படை பகையாயிற்று, முற்றுகை தொடர்ந்தது. 1753 ஜூன் 26இல் பொன்மலைக் குன்றுக்காகக் கடும்போர் நடந்தது.

இவ்வளவு போருக்கும் முடிவு எதில் இருந்தது? அரிசியில் இருந்தது. நகரின் களஞ்சியத்து நெல் மறைவாக விற்கப்பட்டுவிட்டது என்னும் செய்தி 1753இல் வெளிப்பட்டது. பட்டினிக்கு அஞ்சி மக்களுள் பெரும்பாலோர் ஊரைவிட்டு அகன்றனர். புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்து பொதிமாடுகளில் வந்த அரிசியே படைக்கு உயிர் கொடுத்தது. 1754 பிப்ரவரியில் அத்தகைய மாட்டு வரிசை ஒன்றை, திருவெறும்பூருக்கும் கூத்தைப்பாருக்கும் அண்மையில், மராட்டிய, மைசூர்க் குதிரைப்படைகள் சூழ்ந்து தாக்கின. காவலாக வந்த ஆங்கிலேயப் படைப்பிரிவு அழிந்தது. ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியிடத் தொடங்கிய போர் வரலாற்றில் தளபதியரின் பெயர்கள் நிறைந்துள்ளன. மாடு ஓட்டியவரின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.

அவர்களுக்கு இடம் தரும் ஒரு மாதிரியை நீங்களே செய்யலாம். முழு வட்டாரத்தையும் ரைஸ்விட்சின் அளவில் அமைத்தால், 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டை ஒரு சென்டிமீட்டரே நிற்கும். வீடுகள் கண்ணுக்கே தோன்றா. ஆதலால் ஒரு சிற்றூரை மட்டும் எடுத்துக்கொண்டு, நூறில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். 5 மீட்டர் நீளக் குடிசை 5 சென்டிமீட்டர் ஆகும். ஆள் ஒன்றரைச் சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்து நிற்பான். இக்கலை நமக்குப் புதிதன்று. நவராத்திரிக் கொலுவின் கீழே மணல் பரப்பி, கேழ்வரகும் கடுகும் முளைக்கவிட்டு வயலாக்கி, குளமும் கோயிலும் அமைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பலகைமேல் களிமண் பூசி வரப்பு கட்டுங்கள். அட்டைச் சுவருக்கு நறுக்கிய வைக்கோலால் கூரை வேயுங்கள். கிணறும் களத்துமேடும் மாட்டுக்கொட்டிலும் மறவாதீர்கள்.

சைபோர்ன் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். பிப்ரவரி, சம்பா அறுவடை முடியும் காலம். முளைவிட்ட பசுமை அங்கே பொருந்தாது. அறுத்த தாளும் களத்தில் வைக்கோற்போரும் வேண்டும். போர் என்னும் நம் சொல் சண்டையையும் குறிக்கும், உழவன் அடுக்கிய குவியலையும் குறிக்கும். முன்னது மூண்டால் பின்னது எரியும்.

விளையாட்டின் விதியையும் அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள். பகைவரை எத்தனை பேர் வீழ்த்தினோம் என்று எண்ணாமல், எத்தனை பொதி கோட்டைக்குள் சேர்ந்தது என்று எண்ணுங்கள். சிற்றூரைக் கொளுத்தினவன் அடுத்த முறை அங்கே நெல் பெறமாட்டான் என்று விதித்துவிடுங்கள். ஆடுவோர், வெறும் தடையென்று கருதிய குடிசையைக் காக்க முற்படுவர். படைவீரரைச் செய்து முடித்தபின் களிமண்ணில் சிறிது எஞ்சுமாயின், ஒரு பொதிமாட்டையும் அதனை ஓட்டிச் செல்லும் ஒருவனையும் செய்து, கூத்தைப்பார்ப் பாதையில் நிறுத்துங்கள்.