கேச் நினைவகத்தின் அளவும் கணினியின் வேகமும்: 1965 முதல் 2024 வரை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட மிகச் சிறிய கட்டுரை ஒன்றில் பின்னாளில் கேச் எனப்பட்ட 'அடிமை நினைவகம்' என்னும் ஏற்பாட்டை முன்வைத்தார். பத்து லட்சம் சொற்களைக் கொள்ளும் மெதுவான நினைவகத்தின் முன்னால் 32,000 சொற்களை மட்டும் கொள்ளும் விரைவான நினைவகத்தை நிறுத்தி, அண்மையில் பயன்பட்டவற்றின் படிகளை அதில் தேக்கி வைத்தால், செயலிக்குக் கிடைக்கும் சராசரி அணுகு நேரம் விரைவான நினைவகத்தின் நேரத்தையே நெருங்கி நிற்கும் என்பது அவர் கருத்து. ஒரு நிரல் ஓடும்போது நினைவகம் முழுவதையும் சமமாக நாடுவதில்லை. சற்றுமுன் தொட்ட இடத்தையும் அதன் அண்டை இடங்களையுமே திரும்பத் திரும்ப நாடுகிறது என்பதால்தான், ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ள நினைவகத்தால் பெரியதன் வேலையைச் செய்ய முடிகிறது. ஒரு குறிப்பிட்ட கால இடைவெளியில் நிரல் உண்மையில் நாடும் இப்பகுதியைப் பீட்டர் டென்னிங் 1968-இல் 'பணித் தொகுதி' என்ற கருத்தாக வரையறுத்தார். கேச் நினைவகத்தின் அளவு போதுமா போதாதா என்ற கேள்விக்கு இன்றளவும் அளவுகோலாக நிற்பது இக்கருத்தே.

கேச்சின் வரலாற்றை எண்கள் பெருகிய கதையாகச் சொல்வது வழக்கமாக இருப்பினும், அளவு கூடியபோதெல்லாம் வேகமும் கூடியது என்பதற்கு அவ்வரலாறு இடம் தருவதில்லை. சராசரி அணுகு நேரம் என்பது கேச்சிலேயே தரவு கிடைக்கும்போது ஆகும் நேரத்தோடு, கிடைக்காமல் போகும் விகிதத்தை (இது தவறல் விகிதம் எனப்படும்) அதனால் நேரும் கூடுதல் காத்திருப்பால் பெருக்கி வரும் தொகையைக் கூட்டிப் பெறுவதாகும். கேச் 4 கடிகாரச் சுழற்சிகளில் விடை தருவதாகவும், தவறினால் 200 சுழற்சிகள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருப்பதாகவும், தவறல் விகிதம் 5 விழுக்காடு எனவும் கொண்டால் சராசரி 14 சுழற்சிகள் ஆகும். கேச்சைப் பெரிதாக்கியதால் தவறல் விகிதம் 3 விழுக்காடாகக் குறையுமானால் சராசரி 10-ஆக இறங்கும். ஆனால் பெரிதாக்கிய கேச் 6 சுழற்சிகள் எடுத்துக்கொண்டு தவறலை 4.5 விழுக்காட்டுக்கு மட்டுமே குறைக்குமானால் சராசரி 15-ஆக ஏறிவிடும். செலவழித்த சிலிக்கன் பரப்பெல்லாம் வேகத்தைக் குறைக்கவே பயன்பட்டதாக முடியும்.

வணிக முறையில் விற்கப்பட்ட கணினிகளில் கேச் முதன்முதலாக இடம்பெற்றது 1968-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360 மாடல் 85-இல் ஆகும். அதில் 16 கிலோபைட் கேச் இருந்தது. தேவைப்பட்டால் 32 கிலோபைட் வரை பெருக்கிக்கொள்ளலாம். அதே குடும்பத்தின் மாடல் 91, கட்டளைகளை வரிசை மாற்றி நிறைவேற்றும் நுட்பமும் 60 நானோநொடிச் சுழற்சியும் கொண்ட மிகச் சிக்கலான இயந்திரம். மாடல் 85-இன் சுழற்சியோ 80 நானோநொடி. அதன் முதன்மை நினைவகமும் மாடல் 91-இனதைவிட மெதுவானது. அப்படியிருந்தும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட 11 நிரல்களில் 8-இல் மாடல் 85-ஏ முந்தியது. கணக்கிடும் உறுப்பைக் கூர்மையாக்குவதைவிட அதற்குத் தரவு வந்துசேரும் வழியைச் சுருக்குவதே பெரும்பயன் தரும் என்பதை நிறுவிய சான்றாக இதைக் கொள்வது பொருத்தம்.

சிறு கணினிகளுக்கு இந்நுட்பம் விரைவிலேயே இறங்கி வந்தது. 1975-இன் பி.டி.பி.-11/70-இல் 2 கிலோபைட்டும், 1977-இன் வாக்ஸ்-11/780-இல் 8 கிலோபைட்டும் கேச் இருந்தன. ஒற்றைச் சில்லு நுண்செயலிகளில் இடநெருக்கடி கடுமையாக இருந்ததால், இன்டெலின் 386-ஆல் கேச்சைச் சில்லுக்கு வெளியே மதர்போர்டில்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. 1989-இல் வந்த 486-இல் 8 கிலோபைட் கேச் சில்லுக்குள்ளேயே அமைந்தது. கேச்சின் ஒவ்வோர் இருமத்துக்கும் வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர்கள் வேண்டும் என்ற கணக்கில், இந்த 8 கிலோபைட்டின் தரவுப் பகுதிக்கே ஏறத்தாழ 3.9 லட்சம் டிரான்சிஸ்டர்கள் தேவை. அச்செயலியின் மொத்த டிரான்சிஸ்டர்கள் 12 லட்சம் அளவே என்பதை நோக்கும்போது, மூன்றில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கத் துணிந்த முடிவின் கனம் விளங்கும்.

அளவின் விளைவை மற்றக் காரணிகளிலிருந்து பிரித்துக் காட்டும் மிகத் தெளிவான சான்று 1998-ஆம் ஆண்டில் கிடைக்கிறது. எந்த ஆய்வகமும் திட்டமிடாமல் சந்தையே நடத்திய சோதனை என்று அதனைச் சொல்லலாம். அவ்வாண்டு ஏப்ரலில் இன்டெல் குறைந்த விலைச் செயலியாகச் செலரானை வெளியிட்டது. பென்டியம் II-இன் அதே கருவகத்தை, அதாவது கட்டளைகளை நிறைவேற்றும் மையப் பகுதியை, கொண்டிருந்த அதில், செலவைக் குறைக்கும் பொருட்டு இரண்டாம் நிலைக் கேச் முழுவதுமாக நீக்கப்பட்டிருந்தது. முதல் நிலைக் கேச் என்பது கருவகத்தோடு ஒட்டியுள்ள சிறிய, மிக விரைவான அடுக்கு. அதில் கிடைக்காததைத் தேடும் பெரிய அடுக்கே இரண்டாம் நிலை. 32 கிலோபைட் முதல் நிலைக் கேச்சை மட்டும் நம்பிய செலரான், அலுவலக மென்பொருள்களில் வெகுவாகப் பின்தங்கியது. மிதவைப் புள்ளிக் கணக்கீட்டை நம்பிய சில விளையாட்டுகளிலோ ஓரளவு தாக்குப்பிடித்தது. ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ 128 கிலோபைட் இரண்டாம் நிலைக் கேச்சைச் சில்லுக்குள்ளேயே கொண்டிருந்தது. டிரான்சிஸ்டர் எண்ணிக்கை 75 லட்சத்திலிருந்து 1.9 கோடியாக உயர்ந்தது.

ஆக அவ்வாண்டின் இறுதியில் 300 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 66 மெகாஹெர்ட்ஸ் வெளிப்பாதையும் கொண்ட, உறவில் மிக நெருங்கிய மூன்று செயலிகளை அருகருகே வைத்து ஒப்பிட முடிந்தது: இரண்டாம் நிலைக் கேச்சே இல்லாத செலரான், 128 கிலோபைட் கொண்ட 300ஏ, 512 கிலோபைட் கொண்ட பென்டியம் II. முதல் இரண்டுக்கும் இடையில் இருந்த வேறுபாடு பெரியது. ஆனால் நான்கு மடங்கு பெரிய கேச்சை வைத்திருந்த பென்டியம் II, 300ஏ-வை எளிதில் விஞ்சிவிடவில்லை. பெரும்பாலான பயன்பாடுகளில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே நின்றன. பென்டியம் II-இன் கேச் தனிச் சில்லுகளில், செயலியின் பாதி வேகத்தில் இயங்கியதும், 300ஏ-வின் கேச் முழு வேகத்தில் இயங்கியதுமே இதற்குக் காரணம். அடுத்த ஆண்டு வந்த புதிய பென்டியம் III-இல் இன்டெல் 512 கிலோபைட்டைக் கைவிட்டு, சில்லுக்குள் முழு வேகத்தில் இயங்கும் 256 கிலோபைட்டுக்கு மாறியதும் இவ்வழியிலேயே. அளவைக் குறைத்து வேகத்தைக் கூட்டிய இம்முடிவு, கேச் வரலாற்றில் உரிய கவனம் பெறாத திருப்பம் எனலாம்.

முதல் நிலைக் கேச்சின் வளர்ச்சியைத் தடுத்து நின்றதோ வேறொரு கட்டுப்பாடு. நிரல் வழங்கும் மெய்நிகர் முகவரியை உண்மை முகவரியாக மாற்றி முடிக்கும்வரை காத்திராமல், மாற்றமும் தேடலும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால், கேச்சில் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் இருமங்கள் மாற்றத்தால் பாதிக்கப்படாதவையாக இருக்க வேண்டும். நினைவகப் பக்கம் 4 கிலோபைட் அளவுள்ள கணினிகளில் அத்தகைய இருமங்கள் 12 மட்டுமே என்பதால், கேச்சின் ஒவ்வொரு வழியும், அதாவது ஒரே வரிசைக்குரிய தரவு அமரக்கூடிய மாற்று இடங்களின் ஒவ்வோர் அடுக்கும், 4 கிலோபைட்டைத் தாண்ட இயலாது. எட்டு வழிகள் சேர்ந்தால் 32 கிலோபைட். இன்டெலின் முதன்மைச் செயலிகளில் முதல் நிலைத் தரவுக் கேச் 2006 முதல் பல தலைமுறைகள் இதே அளவில் நின்றதற்கு இது முக்கியக் காரணம். 2019-இன் ஐஸ் லேக்கில் வழிகளைப் பன்னிரண்டாக்கி 48 கிலோபைட்டை எட்டியபோது, அணுகு நேரம் 4 சுழற்சிகளிலிருந்து 5-ஆக உயர்ந்தது. பக்க அளவை 16 கிலோபைட்டாகக் கொண்ட ஆப்பிள் எம்1-ஆல், 2020-இல் அதன் வேகமிகு கருவகங்களில் 128 கிலோபைட் தரவுக் கேச்சை வைக்க முடிந்தது.

இரண்டாம் நிலைக்கும் அடுத்துள்ள, இன்னும் பெரிய அடுக்கான மூன்றாம் நிலைக் கேச்சில் இத்தகைய முகவரித் தடை இல்லை; அங்கே தடையாக நிற்பது பரப்பு. 2022 ஏப்ரலில் ஏ.எம்.டி. வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி, கூடுதல் 64 மெகாபைட் கொண்ட தனிச் சில்லைச் செயலியின் மேல் அடுக்கி, மூன்றாம் நிலைக் கேச்சை 32-இலிருந்து 96 மெகாபைட்டாக உயர்த்தியது. உச்சக் கடிகார வேகம் 4.7-இலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைந்தபோதிலும், பரந்து சிதறிய தரவை நாடும் விளையாட்டுகள் பலவற்றில் அது முந்தைய 5800எக்ஸைத் தெளிவாக விஞ்சியது. பணித் தொகுதி முன்னரே சிறிய கேச்சுக்குள் அடங்கிவிட்ட படவாக்க நிரல்களில் சற்றுப் பின்தங்கியது.

இவ்வாறு அடுக்கும் தேவை இனி வளரவே செய்யும். சில்லுத் தயாரிப்பு நிறுவனமான டி.எஸ்.எம்.சி.-யின் 3 நானோமீட்டர் தலைமுறையைச் சேர்ந்த என்3இ முறையில், கணிப்புச் சுற்றுகள் சுருங்கியபோதும் கேச்சின் ஒரு நினைவுக் கலம் 5 நானோமீட்டர் முறையில் இருந்த அதே 0.021 சதுர மைக்ரோமீட்டராகவே நின்றுவிட்டது. மேலே அமர்ந்த கேச் சில்லு கருவகங்களின் வெப்பம் வெளியேறும் வழியை மறித்ததால் கடிகார வேகத்தைக் குறைக்க நேர்ந்தது என்ற குறையை, 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி கேச் சில்லைக் கருவகங்களுக்கு அடியில் வைத்துப் பெருமளவு தீர்த்தது. அதே 96 மெகாபைட்டோடு அதன் உச்ச வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸை எட்டியது.