ஊர் திரும்பிய கடற்படை அதிகாரி

சரித்திரம் படித்த ஒருவராவது இந்த மலரில் சரித்திரம் எழுத வேண்டாமா என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுத இதில் வேறு பலர் இருக்கிறார்கள். எனவே நான் ஜிம்மி கார்ட்டரைப் பற்றி எழுதுகிறேன். ஆமாம், அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர்தான். 1977 முதல் 1981 வரை அவர் வெள்ளை மாளிகையில் இருந்த கதை நம் செட்டில் பலருக்கும் தெரியும். அதற்கு 24 ஆண்டுகள் முன்பு, கைநிறையப் பெயர் தந்த வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பிய கடற்படை அதிகாரியின் கதைதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1924 அக்டோபர் 1ஆம் தேதி அங்கே பிறந்த பையனுக்கு, கடற்படையில் இருந்த தாய்மாமன் தூரதேசத் துறைமுகங்களிலிருந்து கடிதம் போடுவார். அதைப் படித்துப் படித்தே அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரி மேல் பையனுக்குப் பைத்தியம். தட்டைப் பாதம் இருந்தால் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்ததும், கோகோ கோலா பாட்டில்மேல் உள்ளங்காலை உருட்டி உருட்டிப் பயிற்சி செய்தாராம். (போலீஸ் தேர்வுக்கு உயரம் போதாத பையன்கள் நம் ஊரில் கம்பியில் தொங்குவதில்லையா, அந்த மாதிரிதான்!) 1943இல் சேர்ந்து 1946இல் தேறினார். அதே ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, தங்கையின் தோழி ரோசலினைக் கைப்பிடித்தார். முதல்முறை கேட்டபோது அந்தப் பெண் முடியாது என்று சொல்லிவிட்டார். படிப்பை முடிப்பேன் என்று இறக்கும் தறுவாயில் இருந்த அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம்.

பிறகு நீர்மூழ்கிக் கப்பல் வாழ்க்கை. பசிபிக் புயலில் ஒருநாள் ராட்சத அலை அவரைக் கப்பலின் மேல்தட்டிலிருந்தே அடித்துக்கொண்டு போனது. கொஞ்சம் பின்னால் இருந்த பீரங்கியில் போய் விழுந்ததால் உயிர் தப்பினார். 1952இல், அணுசக்திக் கப்பல்களின் தந்தை எனப்படும் ரிக்கோவரின் குழுவில் இடம் கிடைத்தது. அந்த டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் விபத்து. உலையைப் பிரித்தெடுக்கப் போன குழு ஒன்றுக்கு 28 வயதுக் கார்ட்டர் தலைவர். உள்ளே ஒருவர் ஏறக்குறைய 90 விநாடிதான் நிற்கலாம். அதற்காக அருகில் ஒரு டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரியை அமைத்து, எந்தத் திருகை யார் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்கள். 1979இல் திரீமைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தின்போது, ஜனாதிபதியான அவர் மனைவியுடன் நேரிலேயே போய்ப் பார்த்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த டென்னிஸ் மைதானம்தான் ஞாபகம் வரும்.

1953 ஜூலையில் அப்பா கணையப் புற்றுநோயில் காலமானார். கடைசி நாட்களில் கட்டிலருகே உட்கார்ந்திருந்த மகன், ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து 'உங்கப்பா எனக்கு இதைச் செய்தார்' என்று சொல்வதைக் கேட்டார். கறுப்பர், வெள்ளையர் இருவருமே வந்தார்கள். நான் போனால் இப்படி யார் வருவார்கள் என்று தோன்றியிருக்கிறது. கடற்படையை விட்டுவிட்டார். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

ரோசலினுக்கு வந்த கோபம் இருக்கிறதே! துறைமுகம் துறைமுகமாகப் போய்த் தனிக்குடித்தனம் நடத்தி, மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். மாமியாரும் அம்மாவும் இருக்கிற சிற்றூருக்கு மறுபடியுமா? நியூயார்க் மாநிலத்திலிருந்து காரில் ஊர் வரும் வழியெல்லாம் கணவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டியை நிறுத்த வேண்டுமென்றால்கூட 'உங்கப்பாகிட்ட சொல்லு' என்று மூத்த பையன்மூலம்தான். கேட்காமல் முடிவெடுத்தது தவறு என்று கார்ட்டரே முதுமையில் பலமுறை சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால், அந்த அம்மாள் கோபப்பட்டது முழுக்க நியாயம்.

ஊருக்கு வந்தபின் ஏழைகளுக்காக அரசாங்கம் கட்டிய குடியிருப்பில்தான் ஜாகை. முதல் பருவத்திலேயே வறட்சி. வருஷக் கடைசியில் லாபம் 300 டாலரைக்கூடத் தொடவில்லை. நிலக்கடலை விதை, உரம் விற்கும் கிட்டங்கியில் ஆள் வைக்க வழியில்லாததால் ரோசலின் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதில் லாபம், எதில் நஷ்டம், யார் கடன் வராது என்பது கொஞ்ச நாளில் கணவரைவிட அவருக்கே நன்றாகத் தெரிந்தது. அதன்பிறகு அவரைக் கேட்காமல் அங்கே எதுவும் நடக்கவில்லை.

கார்ட்டரின் தாயார் லில்லியன் 68 வயதில் நம் பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு நர்ஸ் வேலைக்கு வந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பாவைக் கொண்டுபோன அதே நோய் தம்பியையும் தங்கைகள் இருவரையும் கொண்டுபோனது. கார்ட்டர் மட்டும் தப்பி, 2015இல் வந்த வேறொரு புற்றுநோயிலிருந்தும் மீண்டார்.

2023 பிப்ரவரியில் மருத்துவமனை வைத்தியம் போதும் என்று பிளெய்ன்ஸ் வீட்டிலேயே இருந்துகொண்டார். அந்த நவம்பர் 19ஆம் தேதி ரோசலின் 96 வயதில் காலமானார். 77 வருஷத் தாம்பத்தியம். சக்கர நாற்காலியில், மடியில் போர்வையோடு இறுதிச் சடங்குக்கு வந்தார் கார்ட்டர். 2024 டிசம்பர் 29ஆம் தேதி, 100 வயதில் அவரும் போனார். கடற்படையை விட்டு வந்தபின் 1961இல் கட்டிய அதே வீட்டு வளாகத்தில், ரோசலினுக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.